பூட் ஆகாத ஸ்மார்ட்வாட்ச்: யூஆர்ட் வழியாக லாக் எடுப்பது எப்படி

வாட்ச் லோகோவோடு நின்றுவிடுகிறது, யூஎஸ்பியில் மாட்டினாலும் கணினிக்குத் தெரியவில்லை என்றால் ஏடிபியை (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டோடு பேசும் கருவி) நம்பிப் பயனில்லை. ஆண்ட்ராய்டு ஓரளவாவது எழுந்த பிறகுதான் ஏடிபி பேசும். அதற்கு முன் என்ன நடந்தது என்பதைச் சொல்லக்கூடியது போர்டில் இருக்கும் யூஆர்ட் சீரியல் இணைப்பு; சிப் தன் லாக்கை ஒரு கம்பியில் பிட் பிட்டாக வெளியே அனுப்பும் வழி அது.

முதலில் வோல்டேஜ். மொபைல், வாட்ச் சிப்களில் யூஆர்ட் பெரும்பாலும் 1.8 வோல்ட். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் யூஎஸ்பி சீரியல் அடாப்டர்கள் 3.3 அல்லது 5 வோல்ட். அப்படியே மாட்டினால் சிப்பின் அந்தக் காலே போய்விடலாம். எஃப்டி232ஆர் சிப் உள்ள அடாப்டரில் விசிசிஐஓ கால் (சிக்னல் வோல்டேஜைத் தீர்மானிப்பது) தனியாக வெளியே வந்திருந்தால் அதற்கு 1.8 வோல்ட் கொடுங்கள்; இல்லையென்றால் நடுவில் லெவல் ஷிஃப்டர் (சிக்னல் வோல்டேஜை மாற்றும் சிறு சர்க்யூட்) வையுங்கள். சில மலிவு அடாப்டர்களில் ஜம்பரை மாற்றினால் சப்ளை கால் மட்டும்தான் மாறும், சிக்னல் மாறாது. டிஎக்ஸ் காலை (சிக்னலை அனுப்பும் கால்) மீட்டரில் அளந்து பார்க்காமல் ஜம்பரை நம்ப வேண்டாம்.

அடுத்து பேட்களை, அதாவது போர்டில் சால்டர் வைக்கக்கூடிய சிறு உலோகப் புள்ளிகளைத் தேடுவது. பேட்டரியைக் கழற்றி, மீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை உலோக ஷீல்டில் தொடுங்கள். எந்த பேட்டில் பீப் வருகிறதோ அது கிரவுண்ட். பிறகு மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றி, பேட்டரியை இணைத்து, மற்ற பேட்களைக் கிரவுண்டோடு அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 1.8இல் நின்று, ஆன் செய்த முதல் சில விநாடிகளில் 1.6, 1.4 என்று ஆடும் பேட்தான் பெரும்பாலும் டிஎக்ஸ். மீட்டர் வேகமாகப் படிக்காது. பிட்கள் ஓடும்போது சராசரியைத்தான் காட்டும், அதனால்தான் அந்த ஆட்டம். 3.7 முதல் 4.2 வரை அசையாமல் நிற்பது பேட்டரி லைன், அதை விட்டுவிடுங்கள்.

தொடக்கத்தில் கிரவுண்ட், டிஎக்ஸ் இரண்டுக்கு மட்டும் சால்டர் வைத்தால் போதும். வாட்சின் டிஎக்ஸ், அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு (சிக்னலைப் பெறும் கால்) போக வேண்டும். எனாமல் பூசிய மெல்லிய கம்பி நல்லது. பேட்டிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி யூவி பசையால் கம்பியை ஒட்டிவிடுங்கள். கம்பி ஒருமுறை இழுபட்டாலே பேட் போர்டை விட்டு உரிந்து வந்துவிடும்.

டெர்மினலில் 115200, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் ஆஃப். குப்பை எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் பாட் ரேட் (விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகம், இங்கே 115200) தவறு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைவிட லாஜிக் அனலைசரில் (சிக்னலின் ஏற்ற இறக்கத்தைப் பதியும் கருவி) மிகக் குறுகிய பல்ஸின் அகலத்தை மைக்ரோ விநாடியில் எடுத்து, 10 லட்சத்தை அதனால் வகுத்துவிடலாம். 8.68 வந்தால் 115200, 1.09 வந்தால் 921600. எந்த ரேட்டிலும் எதுவும் வரவில்லையா? 3.3 வோல்ட் அடாப்டருக்கு 1.8 வோல்ட் சிக்னல் 'ஹை' என்றே தெரியாமல் போவதுண்டு.

பூட்லோடர் (ஆன் செய்ததும் ஓடி, கெர்னலை ஏற்றும் புரோகிராம்) வரிகள் வந்துவிட்டு அமைதியானால் கெர்னல் (ஆண்ட்ராய்டின் மையப் பகுதி) செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். விற்பனைக்கு வரும் பில்டுகளில் சீரியல் கன்சோலைப் பெரும்பாலும் நிறுத்தியே வைத்திருப்பார்கள். கெர்னல் கமாண்ட் லைனில் (பூட்லோடர் கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்பு வரி) கன்சோலைத் திரும்பச் சேர்க்க, பூட்லோடர் அன்லாக் ஆகியிருக்க வேண்டும்.

வாட்சின் ஆர்எக்ஸில் கம்பி வைப்பதைக் கட்டளை தட்ட வேண்டியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அடாப்டரின் டிஎக்ஸ் எப்போதும் ஹையாக நிற்பதால், வாட்ச் ஆஃபில் இருந்தாலும் சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு வழியாகக் கரன்ட் கசிந்து அதை அரை உயிரில் வைத்திருக்கும். ரீசெட் முழுமையாகாது, இல்லாத கோளாறெல்லாம் தெரியும். வரிசையில் 1 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்தால் கசிவு குறையும். அடாப்டரின் விசிசி (சப்ளை) கம்பியை எந்த நிலையிலும் இணைக்காதீர்கள்.

கெர்னல் பேனிக் (மீள முடியாத கோளாறால் கெர்னல் நின்றுபோவது) வந்து வாட்ச் தானாக ரீபூட் ஆனால் பேட்டரியைப் பிடுங்காதீர்கள். கெர்னலில் ராம்ஊப்ஸ் (லாக்கை ராமின் ஒரு பகுதியில் சேமிக்கும் வசதி) இயக்கப்பட்டிருந்தால் கடைசி லாக் ராமிலேயே தங்கியிருக்கும். அடுத்த முறை பூட் ஆனதும் பிஸ்டோரில் (அந்த லாக் கோப்பாகத் தெரியும் இடம்) அதைப் படிக்கலாம். கரன்ட் போனால் அதுவும் போய்விடும்.