சிறு டிராக்டரின் மேல்தகடுகளைக் கழற்றும் முறை

பிசான நெல் அறுவடை முடிந்து, அடுத்த நெல் போகமான கார் பருவத்துக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன் கிடைக்கும் இடைவெளிதான் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் டிராக்டரைப் பழுது பார்க்க ஏற்ற காலம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதானாலும், வயர் மாற்றுவதானாலும், துருப்பிடித்த மட்கார்டைப் பற்றவைப்பதானாலும், முதல் வேலை மேல்தகடுகளைச் சேதமின்றிக் கழற்றுவதுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்னால் பூட்டிய கருவியைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுக்க வேண்டும். முந்தைய நாளே நன்றாகக் கழுவிவிடுவது நல்லது. தண்ணீர் தேக்கிச் சேறாக்கும் தொளி உழவில் ஓடிய வண்டியில், காய்ந்த சேறு போல்ட் தலைகளையே மூடியிருக்கும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டவுடன் தீப்பொறி பறக்கும்.

போனட்டுக்கு மேலே சைலன்சர் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில் அதை முதலில் எடுத்தாக வேண்டும். அதன்பின் பக்கத் தகடுகளையும், கடைசியில் போனட்டையும் கழற்றலாம். ஹெட்லைட் வயர்கள் போனட்டோடு சேர்ந்தே வரும் என்பதால், அவற்றை இணைக்கும் கப்ளரைப் பூட்டு நாக்கை அழுத்திப் பிரித்த பிறகே கீல் போல்ட்டில் கை வைக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. போனட்டை இறக்க இருவர் தேவை.

பெரும்பாலும் தகடுகளைப் பிடித்திருக்கும் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10-ஆம் எண் ஸ்பேனரும், 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 அல்லது 13-ஆம் எண் ஸ்பேனரும் பொருந்தும். திறந்த வாய் ஸ்பேனரை விட ரிங் ஸ்பேனரே பாதுகாப்பானது, ஏனெனில் அது போல்ட்டின் முனைகளை மழுக்காது. துருவேறிய போல்ட்டில் வலுவைக் காட்டினால் அது முறியும், அல்லது மரை போய்விடும்; ஆகவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு அரை மணி நேரமாவது ஊறவிட்டு, முதலில் சற்றே இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு மெல்லத் தளர்த்த வேண்டும். தகடு வரவில்லையென்றால் எங்கோ ஒரு போல்ட்டோ கிளிப்போ இன்னும் பிடித்திருக்கிறது என்றுதான் பொருள். திருப்புளியைச் செருகி நெம்பினால் தகடு வளையும், பிளாஸ்டிக் தகடானால் காது உடையும்.

மட்கார்டில்தான் பொறுமை அதிகம் வேண்டும். அதன் உட்புறம் சேறு தங்கி, போல்ட்டும் நட்டும் ஒன்றாகத் துருவேறியிருக்கும். பின்விளக்கு வயரும் அதன் வழியாகவே போகும். சில வண்டிகளில் பின் சக்கரத்தைக் கழற்றினால்தான் உள்பக்க நட்டுக்குக் கை போகும். அப்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல், ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான மரக்கட்டையோ ஸ்டாண்டோ வைத்தே தீர வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் உயிருக்கே ஆபத்து.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் வாஷரோடும் ரப்பர் புஷ்ஷோடும் அது வந்த துளையிலேயே திருகி வைத்தால், பூட்டும்போது தேட வேண்டியிராது. களக்காட்டு வாழைத் தோட்டங்களில் ஓடிய வண்டியானால், தகடுகள் திறந்திருக்கும்போதே ரேடியேட்டர் வலையில் சிக்கிய சருகையும் நாரையும் எடுத்துவிடலாம்.

பூட்டும்போது எல்லா போல்ட்டுகளையும் கையால் இரண்டு மூன்று மரை ஏற்றி, துளைகள் நேராக நின்ற பிறகே இறுக்க வேண்டும். பேட்டரியில் பாசிட்டிவ் முதலிலும் நெகட்டிவ் கடைசியிலும் வரவேண்டும். ஒரு நாள் உழவு முடிந்ததும் போல்ட்டுகளை மீண்டும் ஒரு சுற்று இறுக்கிப் பார்த்து, எந்த வயரும் சைலன்சரைத் தொடாமல் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.