'ஆரிட்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே போடுவது? தொடக்க நிலையினருக்கு ஒரு செய்முறை

வறட்சியைச் சொல்ல ஆங்கிலத்தில் முதலில் நமக்குப் பழக்கமாவது 'ட்ரை'. கொஞ்சம் வாசிக்கத் தொடங்கியதும் 'ஆரிட்' வந்து சேரும். ஏ-ஆர்-ஐ-டி என்று எழுத வேண்டும். 'ஆப்பிள்' என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் முதல் ஒலிதான் இதற்கும், அழுத்தமும் அங்கேயே. ட்ரை, ஆரிட் இரண்டுக்கும் ஒரே பொருள் என்று நினைத்து மாற்றிப் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும். குமரி மாவட்டத்துக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ள ஊரை விட்டு ரொம்ப தூரம் போக வேண்டாம்.

முதல் படி: காய்ந்திருப்பது எது என்று பாருங்கள்

கொடியில் கிடக்கும் துணி, தொண்டை, தலைமுடி, குளச்சலில் விற்கிற கருவாடு எல்லாவற்றுக்கும் 'ட்ரை' குடும்பம்தான். வறட்டு இருமலும் 'ட்ரை காஃப்'. இங்கே எதிலும் ஆரிட் வராது. அது நிலத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் உரிய சொல்.

இரண்டாம் படி: எத்தனை நாள் வறட்சி என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி, நிதானமாகப் பாருங்கள். மே மாதம் குளம் வற்றி வயல் வெடித்துக் கிடந்தால் 'ட்ரை' போதும்; இன்னும் அழுத்தமாகச் சொல்ல 'பார்ச்ட்' இருக்கிறது. நல்ல மழை பெய்தால் அந்த வயல் மாறிவிடும். ஆரிட் என்பதோ அந்த மண்ணின் நிரந்தர நிலை.

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வழியாக ஆரல்வாய்மொழிக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். ரப்பர், வாழை, தென்னை என்று வந்த பச்சை, கணவாயை நெருங்க நெருங்கக் குறையும். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிக் காவல்கிணறு பக்கம் போனால் முள்மரமும் செம்மண்ணும்தான். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடுகிறது. கணவாய் வழியே காற்று வருகிற அளவுக்கு மழை வருவதில்லை. அப்படியானால் அந்தப் பக்கம் ஆரிட்தானா? இல்லை, 'செமி-ஆரிட்'.

இதற்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஆண்டு மழையளவை, வெயிலும் செடிகொடிகளும் சேர்ந்து மண்ணிலிருந்து எடுத்துவிடக்கூடிய நீரின் அளவால் வகுக்க வேண்டும். விடை 0.05 முதல் 0.20 வரை என்றால் ஆரிட், 0.20 முதல் 0.50 வரை செமி-ஆரிட். தார் பாலைவனம் ஆரிட். அதனால்தான் ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரில் 'ஆரிட் ஜோன்' என்று இருக்கிறது. கம்பும் சோளமும் ஆராய்கிற ஹைதராபாத் இக்ரிசாட்டின் முழுப் பெயரில் வருவது 'செமி-ஆரிட்'. இந்த இரண்டு பெயர்களையும் மனதில் வைத்துக்கொண்டால் வித்தியாசம் மறக்காது.

மூன்றாம் படி: நிலத்திலிருந்து மனதுக்குக் கொண்டுபோங்கள்

ஆரிட் நிலத்தில் பயிர் ஏறாது. உருவகமாகச் சொல்லும்போதும் அதையேதான் கேட்க வேண்டும்: இதிலிருந்து ஏதாவது முளைக்குமா? 'ட்ரை லெக்சர்' என்றால் சுவையில்லாத உரை. ஆனாலும் உட்கார்ந்து கேட்டால் விஷயம் கிடைக்கலாம். 'ஆரிட் லெக்சர்' என்றால் உயிரும் இல்லை, கேட்டவருக்குள் ஒரு யோசனையும் எழவில்லை. இரு தரப்பும் பழைய வாதத்தையே சுற்றிச் சுற்றிப் பேசினால் அது 'ஆன் ஆரிட் டிபேட்'. முன்னால் 'ஏ' வராது, 'ஆன்'தான் வரும். அன்போ பேச்சோ இல்லாமல் ஓடும் திருமண வாழ்க்கையையும் இப்படிச் சொல்வார்கள். கடுமையான சொல் இது. ஒருவருடைய உழைப்பைப் பற்றி எழுதும்போது யோசித்துப் போடுங்கள்.

முகத்தில் சிரிப்பே காட்டாமல் அடிக்கிற நகைச்சுவை 'ட்ரை ஹியூமர்'. அங்கே ஆரிட் செல்லாது. மதுக்கடை மூடியிருக்கும் நாளும் 'ட்ரை டே'தான். அப்புறம், நம்முடைய 'வறட்டுக் கௌரவம்' இருக்கிறதே, அதற்கு இரண்டுமே பொருந்தாது. 'ஃபால்ஸ் பிரைட்' என்று எழுதுங்கள்.

நான்காம் படி: எழுதிப் பாருங்கள்

கீழே உள்ள நான்குக்கும் சரியான சொல்லைப் போட்டு ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியம் எழுதுங்கள்: கோடையில் வெடித்துக் கிடக்கும் தோவாளை வயல், ராஜஸ்தானின் மேற்குப் பகுதி, காய்ந்துபோன உதடு, எந்த முடிவும் புதுக் கருத்தும் தராத கூட்டம். விடைகள் வரிசையாக: பார்ச்ட், ஆரிட், ட்ரை, ஆரிட்.