தேர் முக்கு திரும்புவதற்குள் ரோல் மாற்ற

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடம் பிடித்த பிறகு ரத வீதியில் நின்று கேமராவில் ஃபிலிம் ரோல் மாற்ற நிழலும் கிடைக்காது, இடமும் கிடைக்காது. பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். எந்தப் பாதி என்பது கையில் இருக்கும் ரேஞ்ச்ஃபைண்டரை (லென்ஸ் வழியே பார்க்காமல் தனிச் சாளரம் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமராவை) பொறுத்தது.

லென்ஸைத் திருகி மாட்டும் பழைய திருகு மவுண்ட் லைக்கா கேமராக்கள்தான் அதிகம் படுத்துபவை. இவற்றுக்குப் பின்கதவு கிடையாது. ஃபிலிமை அடியிலிருந்து ஒரு குறுகலான சந்துக்குள் இறக்க வேண்டும். இன்றைய ரோல்களில் லீடர், அதாவது கேசட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஃபிலிம் நுனி, 4 செ.மீ. அளவுக்குத்தான் ஒடுக்கி வெட்டியிருக்கும். அப்படியே இறக்கினால் ஃபிலிமின் முழு அகலப் பகுதி உள்ளே இடித்து மடங்கும். ஆகவே ஏற்கெனவே வெட்டியிருக்கும் அதே விளிம்பில் வெட்டை நீட்டி, ஒடுங்கிய பகுதியை 10 செ.மீ. ஆக்குங்கள்; ஃபிலிம் ஓரத் துளைக் கணக்கில் சுமார் இருபது. வெட்டு முடியும் இடம் மெல்ல வளைந்து, இரண்டு துளைகளுக்கு நடுவே வெளியேற வேண்டும். துளையின் குறுக்கே கத்தரி போனால் அந்த முனை ஃபிலிமை நகர்த்தும் சக்கரத்தின் பல்லில் மாட்டிக் கிழியும். கிழிந்த துணுக்கு ஷட்டர் திரைக்குள் போனால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். லென்ஸைக் கழற்றி, ஷட்டரைத் திறந்துவைத்து, விரலாலோ விசிட்டிங் கார்டாலோ ஃபிலிமைத் தள்ளிவிடும் வழியும் உண்டு. வெட்டாத ரோலுக்கு அது உதவும். ஆனால் கூட்டத்தில் யாராவது இடித்தால் விரல் திரையில் படும். கத்தரியே மேல். போகும் முன்னால் எல்லா ரோலையும் வெட்டி, டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.

லைக்கா எம்3-இல் (1954) பின்னால் ஒரு சிறு கதவு திறக்கும். லீடரை வெட்டத் தேவையில்லை. எடுத்த ஃபிலிம் சுற்றிக்கொள்ளும் உருளையான ஸ்பூல் மட்டும் தனியாக வெளியே வரும். இங்கே நேரத்தை மிச்சப்படுத்துவது இரண்டாவது ஸ்பூல். அடுத்த ரோலின் லீடரை அதன் கிளிப்புக்குள் முழுவதும் செருகி, ஃபிலிமின் ஓரம் ஸ்பூலின் விளிம்போடு ஒட்டி ஓடும்படி வைத்துக்கொள்ளுங்கள். கோணலாகச் செருகினால் இரண்டு மூன்று சுற்றில் ஓரம் ஏறி இறுகிவிடும். கேசட்டும் ஸ்பூலுமாக அந்த ஜோடி பையில் தயாராக இருந்தால், பழைய ரோலைச் சுற்றி எடுத்ததும் இரண்டையும் ஒரே அழுத்தாக உள்ளே இறக்கலாம். திருகு மவுண்ட் லைக்காவுக்கும் இதே வழிதான். ரோல் மாற்றக் கழற்றிய கேமராவின் அடித்தகட்டைப் பலர் பல்லில் கடித்துக்கொள்வார்கள். சுண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே இடுக்கிக்கொள்வது நல்லது. வாயில் இருந்தால் "கொஞ்சம் தள்ளுங்க அண்ணாச்சி" என்றுகூடச் சொல்ல முடியாது.

எம்4-இல் (1967) ஸ்பூலைக் கழற்றும் வேலையே இல்லை. மூன்று இதழ்போல விரிந்த பிடிக்குள் லீடர் நுனியை நுழைத்தால் போதும். எவ்வளவு தூரம் இழுப்பது என்பதற்கு உள்ளே படமே போட்டிருக்கிறார்கள்.

கேனனெட் க்யூஎல்17 இன்னும் சுலபம். லீடரை அடையாளக் கோடு வரை இழுத்து வைத்தால் உலோகத் தகடு ஒன்று மேலே அமர்ந்து பிடித்துக்கொள்ளும். கோட்டைத் தாண்டி இழுத்தால் மிச்சம் சுருண்டு கசங்கும், எட்டாவிட்டால் பிடிக்காது. ஃபெட் 2, ஜோர்க்கி 4 இரண்டிலும் பின்பக்கம் முழுவதும் கழன்று வரும். பார்த்துப் பார்த்து மாட்டலாம். ஸ்பூல் ஒட்டியிருக்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கேமராவைக் கவிழ்த்தால் அது கூட்டத்தின் காலடியில் போய்விடும்.

எந்தக் கேமராவானாலும் கடைசிச் சோதனை ஒன்றே. மூடியதும் ரீவைண்ட் குமிழை (ஃபிலிமைக் கேசட்டுக்குள் திரும்பச் சுற்றும் குமிழை) அம்புக்குறிப் பக்கமாக, எதிர்ப்பு தட்டும் வரை மெதுவாகச் சுற்றுங்கள். கேசட்டுக்குள் இருக்கும் தொய்வு போய்விடும். பிறகு ஃபிலிமை நகர்த்தும்போது குமிழ் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். எம்3-இன் குமிழில் இதற்கென்றே சிவப்புப் புள்ளிகள் உண்டு. தொய்வை எடுக்காமல் பார்த்தால், ஃபிலிம் சரியாக ஓடினாலும் முதல் ஒன்றிரண்டு ஃபிரேமுக்குக் குமிழ் அசையாது. வீணாகத் திறந்து பார்ப்பது இதனால்தான். எத்தனை படம் என்று காட்டும் எண் காட்டியை நம்ப வேண்டாம், ஃபிலிம் மாட்டாவிட்டாலும் அது ஓடும். இரண்டு வெற்று ஷாட் போட்டும் குமிழ் அசையவில்லை என்றால் உடனே திறந்துவிடலாம். அதுவரை வெளிச்சம் பட்டது லீடர் மட்டும்தான், நஷ்டம் ஒன்றுமில்லை.

முடித்த ரோலின் லீடரைக் கேசட்டுக்குள் முழுவதும் இழுத்துவிடுங்கள். நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ரோல் எல்லாம் புதுசு என்று வைத்துக்கொண்டால் அவசரத்தில் எடுத்த படத்தின் மேலேயே மறுபடி எடுக்கும் ஆபத்து இல்லை.

ரோலின் 36 படமும் முடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. வாகையடி முக்கு போன்ற திருப்பங்களில் தேரைத் திருப்பக் கட்டை போடும்போது சற்று நேரம் நிற்கும். அப்போது எண் 30-ஐத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். மிச்சம் ஆறு ஃபிரேம் போனால் போகட்டும். வெயிலுக்கு முதுகைக் காட்டி, உங்கள் நிழலிலேயே மாற்றினால் கேசட் வாய் வழியே வெளிச்சம் கசியாது.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத் தேரிகளில் (செம்மணல் மேடுகளில்) வெளிச்சத்தைவிடச் செம்மணல்தான் எதிரி. கேசட் வாயில் ஒட்டியிருக்கும் வெல்வெட்டில் ஒரு மணல் சிக்கினால் ரோல் முழுக்க நீளக் கீறல் விழும். மாட்டுகிற நொடி வரை ரோல் டப்பாவிலேயே இருக்கட்டும். காற்று ஓயாவிட்டால் பைக்குள் கையை விட்டு மாற்றுங்கள். குற்றாலச் சாரலில் முதலில் கையைத் துடையுங்கள். ஈர விரல் பட்ட ஃபிலிம் ஸ்பூலில் சுற்றும்போது ஒன்றோடொன்று ஒட்டும். ஃபிரிட்ஜில் வைத்த ரோலை ஒரு மணி நேரமாவது வெளியே வைத்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் மேலே நீர் பூக்கும்.