ஜப்பானில் பிசினஸ் ஹோட்டல்: மதுரையிலிருந்து போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பல லாட்ஜுகளில் ராத்திரி பதினொரு மணிக்கு ரூம் போட்டால் மறுநாள் ராத்திரி பதினொன்று வரை அது நம்முடையது. கூட ஒருவர் வந்துவிட்டால் பாயும் தலையணையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டு பழக்கத்தையும் விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். ஜப்பானில் டொயோகோ இன், ஏபிஏ, சூப்பர் ஹோட்டல் போன்ற பிசினஸ் ஹோட்டல்களில், அதாவது வேலை விஷயமாகப் போகிறவர்கள் தங்கும் சிறிய அறை ஹோட்டல்களில், கணக்கெல்லாம் கடிகாரத்துக்கும் தலைக்கும்தான்.

பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் அறை தருவார்கள். மறுநாள் காலை 10 அல்லது 11 மணிக்குள் காலி செய்ய வேண்டும். தாண்டினால் மணிக்கணக்கில் கூடுதல் கட்டணம். காலையில் விமானம் இறங்கி நேரே ஹோட்டலுக்குப் போனால் அறை கிடைக்காது. ஆனால் பெட்டியை ரிசப்ஷனில் பெரும்பாலும் இலவசமாகவே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாற்று உடை, மருந்து, சார்ஜர் மூன்றையும் கைப்பையில் தனியே எடுத்து வைத்தால் அன்றைய பகல் வேலை கெடாது.

முன்பதிவில் எத்தனை பேர் என்பதைச் சரியாகப் போடுங்கள். ஒருவருக்குப் பதிந்துவிட்டு இருவர் படுப்பது அங்கே ஏமாற்று வேலை. 'செமி டபுள்' என்ற அறை மலிவாகத் தெரியும். அதில் இருப்பது 120 முதல் 140 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே கட்டில். கணவன் மனைவி போவதென்றால் இரண்டு கட்டில் உள்ள 'ட்வின்' அறை எடுப்பது நல்லது. தனியாள் அறை குளியலறையும் சேர்த்து 120, 140 சதுர அடிதான் இருக்கும். பெரிய பெட்டியைத் தரையில் விரித்துத் திறக்க இடமிருக்காது; கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வேண்டியபோது இழுத்துக்கொள்ளுங்கள். புகைபிடிக்காதவர்கள் முன்பதிவிலேயே 'நோ ஸ்மோக்கிங்' தேர்ந்தெடுக்க வேண்டும். புகை அறையில் திரைச்சீலைவரை நாற்றம் ஊறியிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ரிசப்ஷனில் வரும் சிக்கல் பெயர்தான். அங்கே குடும்பப் பெயரை வைத்துத் தேடுவார்கள். நமக்கு அது அப்பா பெயர். முன்பதிவில் 'எம். செல்வம்' என்று போட்டு, பாஸ்போர்ட்டில் 'முத்தையா செல்வம்' என்று இருந்தால் திரையில் ஆளையே காணவில்லை என்பார்கள். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதே வரிசையில் எழுதுங்கள். முன்பதிவு எண்ணைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரின் பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வைப்பது அங்கே விதி, தயங்காமல் கொடுக்கலாம். பணத்தைப் பெரும்பாலும் அப்போதே கட்டிவிட வேண்டும். டிப்ஸ் கிடையாது. பல் பிரஷ், சீப்பு, ரேசர் எல்லாம் பல ஹோட்டல்களில் ரிசப்ஷன் பக்கத்துத் தட்டிலேயே இருக்கும். மேலே போகும்போதே தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் விளக்கு எரியவில்லையென்றால் கதவோரச் சுவரில் ஒரு சிறு பெட்டி இருக்கிறதா பாருங்கள். சாவி அட்டையை அதில் செருகினால்தான் மின்சாரம் வரும்.

இனி குளியலறை. தவறு அதிகம் நடப்பது இங்கேதான், அதனால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. குளியல் தொட்டி, வாஷ்பேசின், கழிப்பறை மூன்றையும் பிளாஸ்டிக் வார்ப்பாக ஒரே கூட்டில் அடக்கிய 'யூனிட் பாத்' அது. வாசல் படி உயரம், காலைத் தூக்கி வையுங்கள். வாளியும் குவளையும் இருக்காது. தொட்டிக்குள் ஏறி நின்று, தொட்டியோரம் தொங்கும் திரையின் கீழ் நுனியைத் தொட்டிக்கு உள்பக்கம் விட்டுக் குளிக்க வேண்டும். வெளியே விட்டால் தரை முழுக்கத் தண்ணீர், டிஷ்யூ சுருளும் நனைந்து போகும்.

குழாயில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்றில் வெப்ப அளவு குறித்திருக்கும். 40-ல் வைத்தால் நம் உடம்புக்குச் சரி. அதற்கு மேல் திருப்ப ஒரு சின்னப் பொத்தானை அழுத்த வேண்டும், கை தவறிச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. இன்னொன்று தண்ணீர் ஷவருக்கா குழாய்க்கா என்று மாற்றுவது. முன்பு தங்கியவர் ஷவரில் விட்டுப் போயிருந்தால், கை கழுவப் போனவர் சட்டையோடு நனைவார். திறக்கும் முன் திருகைப் பாருங்கள். குளிக்கும்போது குளியலறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். நீராவி அறைக்குள் பரவினால் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். ஊதுபத்தி, கற்பூரம் ஏற்றவே கூடாது என்பதும் இதனால்தான். எண்ணெய்க் குளியலும் வேண்டாம்: அந்தப் பிளாஸ்டிக் வழுக்கும், பிடித்து நிற்க இடம் குறைவு.

கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்று கவலைப்பட வேண்டாம். இருக்கையோடு சேர்ந்த பொத்தான் பலகையில் 'ஓஷிரி' என்பது பின்பக்கம் கழுவ. தண்ணீர் தானாகப் பீய்ச்சும். உட்காராமல் அழுத்தினால் பெரும்பாலும் வேலை செய்யாது. அழுத்தத்தைக் குறைவில் வைத்துத் தொடங்குங்கள். எழும் முன் நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். ஃப்ளஷ் கைப்பிடியில் இரண்டு எழுத்துகள் இருக்கும். கைகால் விரித்து நிற்கும் ஆள் போலிருப்பது அதிகத் தண்ணீருக்கு. நடுவில் ஒரு கோடும் இரு பக்கமும் ஒவ்வொரு கீற்றுமாக இருப்பது குறைவான தண்ணீருக்கு. டாய்லெட் பேப்பரை அதிலேயே போட்டுவிடலாம்.

சில ஹோட்டல்களில் பொதுக் குளியலும் உண்டு. அங்கே துண்டு, உள்ளாடை எதுவும் கட்டாமல்தான் இறங்க வேண்டும்; அதற்கு முன் ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்திருக்க வேண்டும். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் விடுவதில்லை. கையில் பச்சை உள்ள நம் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அங்கே மின்சாரம் 100 வோல்ட். பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். போன், லேப்டாப் சார்ஜரில் '100-240' என்று இருந்தால் அடாப்டர் மட்டும் போதும். நம் ஊர் 230 வோல்ட் கெட்டிலோ ரைஸ் குக்கரோ ஐந்தில் ஒரு பங்கு சூடுகூடத் தராது, சுமந்து போக வேண்டாம். அறையில் கெட்டில் இருக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். காலையில் தரும் மிசோ சூப் பார்த்தால் பருப்புத் தண்ணீர் போலிருக்கும்; அதன் அடிச்சாறு பெரும்பாலும் மீன். நாட்டோ என்ற புளிக்கவைத்த சோயா பயறோடு வரும் குட்டிச் சாஸ் பாக்கெட்டிலும் மீன் சாறு இருக்கும். நம்பிச் சாப்பிடக்கூடியது வெறும் சோறு, வாழைப்பழம், சாலட். பக்கத்து செவன் இலெவன், லாசன் கடைகளில் 200 கிராம் அளவில் வெந்த சோறு டப்பாவாகக் கிடைக்கும். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். பல ஹோட்டல்களில் மைக்ரோவேவ் லாபியிலோ பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்திலோ இருக்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கையில் இருந்தால் ஒரு வாரம் ஓடும். உப்புக்கண்டம், சுக்கா போன்ற கறி வகை எதையும் கொண்டுபோகக் கூடாது, சுங்கத்தில் பறிமுதல்தான். பச்சைக் கறிவேப்பிலை எடுத்துப் போக வேண்டாம். மல்லிகைப் பூ போன்ற பச்சைப் பொருளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதனால் தலையில் சூடிய மல்லியைக்கூட விமானத்திலிருந்து இறங்கும் முன் எடுத்துவிடுங்கள்.

துணி துவைக்கக் காசு இயந்திரம் இருக்கும். 100 யென் நாணயங்களைச் சேர்த்து வையுங்கள்: துவைக்க வழக்கமாக இரண்டு, மூன்று, உலர்த்தும் இயந்திரம் 20, 30 நிமிடத்துக்கு ஒன்று. ஜீன்ஸ் ஒரு தடவையில் காயாது.

சுவர்கள் மெல்லியவை. அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால். மதுரையில் இரவு 9 மணிக்கு வீட்டில் சாவகாசமாக வீடியோ கால் போட்டால் அங்கே 12.30, பக்கத்து அறைக்காரர் ரிசப்ஷனில் புகார் சொல்வார். ஜப்பானில் இரவு 8 மணிக்கு நீங்கள் கூப்பிட்டால் இங்கே மாலை 4.30, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம்.