ரைபோசோமைக் கழற்றாமல் வைத்திருப்பது எப்படி

ரைபோசோம் டிஸ்ப்ளே என்பது ஒரு இலக்கோடு ஒட்டும் புரதத்தை, அதன் ஆர்என்ஏவோடு சேர்த்துச் சோதனைக் குழாயிலேயே தேர்ந்தெடுக்கும் முறை. இதில் நாம் கேட்பது ஒன்றுதான். புதிதாகப் பிறந்த புரதம், அதற்கான ஆர்என்ஏ, இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும் ரைபோசோம் (ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் கட்டும் இயந்திரம்) மூன்றும் பிரியாமல் ஒரே கொத்தாகக் கையில் வர வேண்டும். உயிருள்ள செல் தேவையில்லை, ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்தெடுத்த, ரைபோசோம்கள் அடங்கிய எஸ்30 சாறு போதும். முழுப் புரதங்களுக்கு இதை 1997-இல் ஹேன்ஸும் ப்ளூக்தூனும் செய்து காட்டினார்கள்.

முதலில் டிஎன்ஏ. முன்னால் டி7 புரோமோட்டரும் (ஆர்என்ஏ படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் துண்டு) ரைபோசோம் உட்காரும் இடமும், நடுவில் உங்கள் புரதம், கடைசியில் டோல்ஏ ஜீனிலிருந்து எடுத்த நீண்ட வால். ரைபோசோமின் சுரங்கத்துக்குள் கடைசி 30 அமினோ அமிலம் போல மாட்டிக்கொண்டிருக்கும். வால் இருந்தால்தான் புரதம் முழுதாக வெளியே வந்து மடியும். ஸ்டாப் கோடான் (புரதம் இங்கே முடிகிறது என்னும் குறி) மட்டும் எங்கும் கூடாது. இருந்தால் ரிலீஸ் ஃபேக்டர் வந்து புரதத்தை விடுவித்துவிடும், கதை முடிந்தது. டிஎன்ஏவின் கடைசி முனையை வரையறுக்கும் ரிவர்ஸ் பிரைமரை ஆர்டர் செய்யும் முன் ரீடிங் ஃப்ரேமை (மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசையை) இரண்டு முறை எண்ணிப் பாருங்கள். ஆன்டிபாடித் துண்டு என்றால் டிடிடி சேர்க்காத சாறுதான். டிடிடி என்ற வேதிப்பொருள் இருந்தால், மடிப்பைப் பிடித்து நிறுத்தும் டைசல்ஃபைடு பிணைப்பு உருவாகாது.

அப்புறம் ஆர்என்ஏ எடுத்து, சாற்றில் கலந்து 37 டிகிரியில் வையுங்கள். எவ்வளவு நேரம்? சாறு மாறினால் இதுவும் மாறும். புது பேட்ச் வந்தால் 4, 6, 8, 10 நிமிடம் என்று சோதித்துவிடுவேன். அதிக நேரம் விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், ஆர்என்ஏதான் சிதையும். நேரம் முடிந்ததும், ஏற்கெனவே ஐஸில் காத்திருக்கும் 50 மில்லிமோலார் மக்னீசியம் அசிடேட் பஃபரில் நாலைந்து மடங்காகக் கரைத்துவிடுங்கள். குளிரும் மக்னீசியமும்தான் கொத்தைக் கட்டி வைக்கும் கயிறு. இனி பிப்பெட் டிப், டியூப், சென்ட்ரிஃப்யூஜ் எல்லாமே 4 டிகிரியில் இருக்கட்டும். கையுறை கட்டாயம், ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் என்சைம் விரலிலேயே இருக்கிறது.

இந்தக் கொத்துகளை, ஆன்டிஜன் (உங்கள் புரதம் ஒட்ட வேண்டிய இலக்கு) பூசிய குழியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, ஒட்டாததைக் கழுவ வேண்டும். இங்கேதான் நான் ஒருமுறை கோட்டைவிட்டேன். கழுவும் வாஷ் பஃபர், கடைசியில் ஆர்என்ஏவைக் கழற்றி எடுக்கும் எலூஷன் பஃபர் இரண்டிலும் டிரிஸ், உப்பு. ஒன்றில் மக்னீசியம், மற்றதில் 20 மில்லிமோலார் எடிடிஏ. பார்க்க இரண்டும் வெறும் தண்ணீர். முதல் கழுவலிலேயே எடிடிஏ பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். மக்னீசியத்தை அது பிடுங்கியதும் ரைபோசோம் இரண்டாகப் பிரிந்து, ஒரு வாரத்து ஆர்என்ஏ சிங்க்கில் போயிற்று. அன்றிலிருந்து எலூஷன் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி.

சரி, கழுவி முடித்தபின் அதே எடிடிஏவை வேண்டுமென்றே ஊற்றி ஆர்என்ஏவை மீட்டு, ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்குவது) போடுங்கள். கூடவே ஆன்டிஜன் இல்லாத, வெறும் பிஎஸ்ஏ புரதம் பூசிய குழியும் ஒன்று ஓட வேண்டும். ஜெல்லில் இரண்டு பேண்டும் ஒரே அடர்த்தியில் தெரிந்தால் கொத்து ஆன்டிஜனில் மட்டுமல்ல, கண்ட இடத்திலும் ஒட்டியிருக்கிறது; குளோனிங்குக்குப் போகாதீர்கள், கழுவலைக் கூட்டி மறுபடி ஓட்டுங்கள்.