குளோரின் வாடைக்குப் பயந்து எங்க போய் விழுதோம்: தண்ணியிலயும் கலர்லயும் வழக்கமா நடக்குத தப்புகள்

குழாயைத் திறந்த உடனே ப்ளீச்சிங் பவுடர் வாடை அடிச்சிச்சுன்னா போதும், "ஏ எளவு, மருந்தக் கொட்டிட்டானுவ, இதக் குடிச்சா கேன்சர்தான் வரும்"னு அந்தக் குடத்த அப்படியே செடிக்கு ஊத்திட்டு 20 லிட்டர் கேனுக்கு போன் போடுத ஆளுங்க பாளையங்கோட்டைல இருந்து மேலப்பாளையம் வரைக்கும் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. அதே அண்ணாச்சி சாயங்காலம் ஜங்ஷன்ல ரத்தச் சிவப்பா ஒரு சர்பத் வாங்கிக் குடிக்கும்போது அதுல என்ன மருந்துன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாரு. வாடை அடிக்குத கெமிக்கலுக்கு பயம், வாடை இல்லாததுக்கும் இனிப்பா இருக்கதுக்கும் பயமே இல்ல. மத்த தப்பு பாதி இதுல இருந்துதான் கிளம்புது.

குளோரின எடுத்துக்கிடுவோம். காலரா, டைபாய்டு கிருமி சாகணும்னு போடுதாங்க. குழாய் முனைல வந்து சேரும்போதும் லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும்னு குடிதண்ணிக்கான இந்திய தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்லுது, உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்க மேல் அளவு 5 மில்லிகிராம். அந்த 5க்கு ரொம்ப கீழேயே நம்ம மூக்கு கண்டுபிடிச்சிரும், அதனால லேசா வாடை அடிச்சா அளவு மீறிடுச்சுன்னு அர்த்தம் கிடையாது. குளோரின் தண்ணில இருக்க அழுக்கோட சேந்து ட்ரைஹாலோமீத்தேன்னு ஒரு வகை உண்டாகும், அது உண்மைதான், ஆனா அதுக்குப் பயந்து கிருமி கொல்லுத வேலைய மட்டும் விட்டுராதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே தெளிவா சொல்லிருக்கு. வாடை பிடிக்கலன்னா ஒரு அகலமான பாத்திரத்துல பிடிச்சு மெல்லிசு துணியால மூடி கொஞ்ச நேரம் வைங்க, போயிரும். ஒரே விஷயம், வாடை போனா காவலும் போச்சு, அன்னன்னைக்கு குடிச்சு முடிச்சிரணும்.

அடுத்தது வீட்டுக்கு வருத சேல்ஸ்காரர். இத நேர்ல பாத்திருப்பீங்க. டை கட்டிக்கிட்டு வருவாரு, ரெண்டு கண்ணாடி டம்ளர் கேப்பாரு, ஒண்ணுல உங்க வீட்டு குழாய் தண்ணி, இன்னொண்ணுல அவரு கொண்டாந்த, உப்ப வடிகட்டி எடுத்த ஆர்ஓ மெஷின் தண்ணி. நாலு கம்பி நீட்டிக்கிட்டு இருக்க ஒரு சின்ன மெஷினை ரெண்டுலயும் முக்கி பிளக்ல சொருகுவாரு. கொஞ்ச நேரத்துல குழாய் தண்ணி நுரைச்சு, மஞ்சளாகி, பொறவு சாக்கடை மாதிரி பச்சை கலந்த கறுப்பாகும், ஆர்ஓ தண்ணி அப்படியே நிக்கும். "பாத்தீங்களா மைனி, இதத்தான் புள்ளைக்கு குடுக்கீங்க"ம்பாரு, அடுப்படில நிக்கவங்களுக்கு வயித்தக் கலக்கிரும். நடக்கது என்னன்னா, அந்தக் கம்பில ஒரு ஜோடி இரும்பு. தண்ணில உப்பு இருந்தா கரெண்டு பாயும், கரெண்டு பாஞ்சா இரும்பு கரையும், டம்ளர்ல பாக்க அந்தக் கசடு முக்காவாசி கம்பில இருந்து வந்த துரு. ஆர்ஓ தண்ணில உப்பு கம்மி, கரெண்டு பாயல, அவ்வளவுதான். அடுத்த தடவ வந்தா அவரோட டம்ளர்ல ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுட்டு அதே மெஷின முக்கச் சொல்லுங்க. அதுவும் கறுக்கும், ஆளு கம்பிய உருவிக்கிட்டு கிளம்பிருவாரு.

டிடிஎஸ் மீட்டர் கதையும் இதே வகைதான். அது கரைஞ்ச உப்பு மொத்தம் எவ்வளவுன்னு சுமாரா காட்டும், கிருமி இருக்கா, பூச்சி மருந்து இருக்கா, ப்ளூரைடு தனியா எவ்வளவுன்னு காட்டவே காட்டாது. டிடிஎஸ் 500 வரைக்கும் ஏத்துக்கிடலாம், வேற தண்ணி கிடைக்காத இடத்துல 2000 வரைக்கும் பொறுத்துக்கிடலாம்னு அதே ஐஎஸ் 10500ல இருக்கு. பொதிகைல இருந்து வருத தாமிரபரணி தண்ணில உப்பு கம்மி, அத ஆர்ஓ போட்டு மொட்டைத் தண்ணியாக்கி, ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு லிட்டர சாக்கடைல விடுதது சுத்த வேஸ்ட். ஆத்துல கழிவு கலக்குதே, கிருமி இருக்குமேன்னு பயமா இருக்கேன்னா அது நியாயமான பயம்தான், அதுக்கு கொதிக்க வைக்கதே போதும், இல்லன்னா புற ஊதா வெளிச்சத்தால கிருமியக் கொல்லுத யூவி பில்டர் போடலாம். திசையன்விளை, ராதாபுரம் பக்கம் போர் தண்ணி உப்பு கரிக்குத வீட்டுக்கு ஆர்ஓ தேவை, அத நான் குறை சொல்லல. அங்கயும் மெஷின்ல கார்பன் பில்டர் குளோரின எடுத்துரும்ங்கது ஞாபகம் இருக்கணும், டேங்க கழுவாம, பில்டர மாத்தாம வருஷக்கணக்கா ஓட்டுனா உள்ள கிருமி குடும்பம் நடத்தும்.

கொதிக்க வச்சா எல்லாம் போயிரும்னு நினைக்கதும் தப்பு. கிருமி சாகும், குளோரின் போகும். ப்ளூரைடும் நைட்ரேட்டும் போகாது, தண்ணி ஆவியாக ஆவியாக இருக்க தண்ணில அது கூடத்தான் செய்யும். ப்ளூரைடு நம்ம நாட்டுல யாரும் தண்ணில கலக்கல, பாறைல இருந்து தானா கரையுதது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போச்சுன்னா பல்லுல கறை, ரொம்ப வருஷம் குடிச்சா எலும்பே பாதிக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதனால பட்ட பாட்டுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு.

ப்ளீச்சிங் பவுடர கைப்பிடி கணக்குல போடுதது ஒண்ணு இருக்கு. 2023 டிசம்பர் வெள்ளத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுனப்போ, கிணறு தொட்டி எல்லாம் செந்தண்ணி. அந்தக் கலங்கல் தண்ணில மருந்தக் கொட்டுனா மண்ணும் அழுக்குமே குளோரினத் தின்னுரும், கிருமிக்கு மிஞ்சாது. முதல்ல படிகாரம் போட்டோ தேத்தாங்கொட்டைய உரசி விட்டோ தெளிய வைக்கணும், பொறவுதான் மருந்து. நல்ல தரமான பவுடர்னா 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு, ஒரு வாளில கரைச்சு, சுண்ணாம்பு அடில தங்குனதும் மேல் தெளிவ மட்டும் டேங்க்ல ஊத்தி, ஒரு மணி நேரம் விட்டு குடிக்கணும். மூடாம கிடந்த பழைய பாக்கெட்ல பலம் போயிருக்கும். முக்கியமா, கக்கூஸ் கழுவுத ஆசிட்டும் இதுவும் சேரவே கூடாது, கிளம்புத குளோரின் வாயு நேரா நெஞ்சுக்குள்ள போயிரும்.

சரி, கலருக்கு வருவோம். நம்மூர்ல கூல்டிரிங்க்ஸ கலர்னு சொல்லுத பழக்கம் இன்னும் போகல, லேபிள பாத்தா பேரு பொருத்தம்னுதான் தோணுது. உணவுல சேக்குத சாமானுக்குப் போடுத ஐஎன்எஸ் நம்பர் அதுல இருக்கும், 102ன்னா டார்ட்ரசின், 110ன்னா சன்செட் எல்லோ, ரெண்டும் அனுமதிச்ச கலர்தான், லிட்டருக்கு 100 மில்லிகிராம்ங்கத ஒட்டி வரம்பு இருக்கு. 2007ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல நடந்த ஆய்வுக்குப் பொறவு, இந்தக் கலர் போட்டா குழந்தைங்க துறுதுறுப்பையும் கவனத்தையும் பாதிக்கலாம்னு எச்சரிக்கை அச்சடிக்கணும்னு ஐரோப்பாவுல சட்டம் வந்திருச்சு. பாட்டில்லயாவது நம்பர் போட்டிருக்கான், தெருவுல சர்பத்துக்கும் குச்சி ஐஸுக்கும் ஊத்துத சாயத்த யாரு அளந்தா? 2024 பிப்ரவரில தமிழ்நாட்டுல பஞ்சுமிட்டாய்ல துணிக்குப் போடுத ரோடமைன் பி இருக்குன்னு தெரிஞ்சு தடை போட்டாங்களே, பளீர்னு ரோஸ் கலர பாத்தா அது ஞாபகம் வந்தா நல்லது.

பெட்டிக்கடை வாசல்ல மே மாச வெயில்ல கலர் பாட்டில் கிரேட்ட அடுக்கி வச்சிருப்பாங்க, காலைல பத்து மணிக்கே தொட்டா கை சுடும். லேபிள்ல 211ங்கது சோடியம் பென்சோயேட், கெட்டுப்போகாம இருக்க போடுதது. அதுகூட வைட்டமின் சி-யும் சேந்திருந்து சூடும் வெளிச்சமும் பட்டா கொஞ்சூண்டு பென்சீன் உண்டாகலாம், பென்சீன் கேன்சர் உண்டாக்குத சாமான். அளவு ரொம்ப சின்னதுதான், அதுக்காக வெயில்ல வெந்த பாட்டில ஐஸ்ல போட்டுக் குடுத்தா வாங்கணும்னு என்ன தலையெழுத்து. நிழல்ல இருக்கத எடுத்துக் குடுங்கன்னு கேளுங்க. தண்ணி கேனுக்கும் இதே பேச்சுதான், லோடு ஆட்டோல நாளெல்லாம் வெயில்ல சுத்துனது, தேதி அழிஞ்சது, சீல் தளர்ந்தது, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்எஸ்எஸ்ஏஐ குடுக்குத 14 இலக்க நம்பர் இல்லாதது எதையும் இறக்கச் சொல்லாதீங்க.

இவ்வளவு நம்பர் பாக்கவங்க சீனிய விட்டுருதாங்க, அதுதான் எனக்கு எரிச்சல். 100 மில்லிக்கு 10, 11 கிராம்னா 300 மில்லி பாட்டில்ல 30 கிராமுக்கு மேல. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள நிறுத்துனா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, பாட்டில் ஒண்ணுலயே கதை முடிஞ்சிருச்சு. டயட் கலர்ல சீனிக்குப் பதிலா இனிப்புக்குப் போடுத ஆஸ்பர்டேம 2023 ஜூலைல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'கேன்சர் வரலாம்'ங்குத 2பி பட்டியல்ல போட்டுச்சு, அதே சமயம் உடம்பு எடை கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் வரைக்கும்ங்குத வரம்ப மாத்தல. 70 கிலோ ஆளு அத தாண்டணும்னா ஒரு நாளைக்கு ஒம்பது டின்னுக்கு மேல குடிக்கணும். சக்கரை வியாதிக்காரங்க அபூர்வமா ஒரு டயட் கலர் குடிச்சா குடி முழுகாது.

வயித்தால போகும்போது ஆரஞ்சு கலர் டெட்ரா பாக்கெட்ட உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓஆர்எஸ்னு நம்பி புள்ளைக்கு ஊத்துதது இதவிட மோசம். அதுல சீனி ஜாஸ்தி, இன்னும் வயித்தால போகும். மருந்துக்கடைல கிடைக்க, லிட்டருக்கு 20.5 கிராம் கணக்குல கரைக்குத பொட்டலம்தான் சரியான ஓஆர்எஸ். 2025 அக்டோபர்ல அந்த மாதிரி பானத்துக்கு ஓஆர்எஸ்ங்குத பேரையே போடக்கூடாதுன்னு எப்எஸ்எஸ்ஏஐ சொல்லிருச்சு.

இயற்கைன்னா கண்ண மூடிக் குடிக்கலாம்ங்கதும் சரியில்ல. பதநீர் கலயத்துல சுண்ணாம்பு தடவுததும் கெமிக்கல்தான், கால்சியம் ஹைட்ராக்சைடு, புளிச்சு கள்ளாகாம இருக்க தடவுதது. அடில தங்குனத விட்டுட்டு தெளிவ பட்டைல வாங்கிக் குடிச்சா ஒண்ணும் ஆகாது. மத்தியானத்துக்கு மேல பைபாஸ் ஓரம் பிளாஸ்டிக் குடத்துல ஊத்த ஊத்த வத்தாத பதநீர் வித்தா, அது பனைல இருந்து வந்துச்சா சாக்கரின் டப்பால இருந்து வந்துச்சான்னு யோசிச்சுக்கோங்க. அதுல மிதக்க ஐஸும் அப்படி, மீனுக்குப் போடுத பார் ஐஸ உடைச்சுப் போட்டா ஜூஸ் எவ்வளவு சுத்தமா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

உங்க போர் தண்ணி சந்தேகமா இருந்தா குடிநீர் வடிகால் வாரியத்து லேப்ல குடுத்துப் பாக்கலாம். உப்பு, ப்ளூரைடு பாக்க நல்லா கழுவுன பிளாஸ்டிக் கேன்ல ரெண்டு லிட்டர், அதே தண்ணிலயே ரெண்டு மூணு தடவ அலசிட்டு பிடிக்கணும். கிருமி பாக்கதுக்கு நம்ம வீட்டு பாட்டில் ஆகாது, லேப்லயே கிருமி நீக்குன பாட்டில் கேட்டு வாங்கி, உள்ள விரல் படாம பிடிச்சு, ஐஸ் வச்சு அன்னைக்கே கொண்டு சேத்துரணும்.