தண்ணீரில் ஏறும் காற்றுக் குமிழியை ஒரே ஒரு சொட்டு சோப்பு எவ்வளவு மெதுவாக்கும்? வீட்டிலேயே அளக்கலாம்

வேண்டியவை: நாலு செ.மீ. அகலத்தில் ஒரு மீட்டர் கண்ணாடிக் குழாய், ரப்பர் கார்க், 26 கேஜ் ஊசி, சிரிஞ்ச், குளுக்கோஸ் ஏற்றும் டியூப், பேட்டரி வாட்டர் (ஆசிட் இல்லை, தாது நீக்கிய சுத்த நீர்), ஸ்லோமோஷன் எடுக்கும் போன். மீன்தொட்டி மோட்டார் எனக்குப் பிடிக்காது. குமிழிகள் வரிசைகட்டி வந்தால் முன்னே போவதன் இழுப்பில் பின்னே வருவது வேகமாகிவிடும். சிரிஞ்சை அழுத்தி ஒவ்வொன்றாக விடுங்கள்.

1. கார்க்கில் ஊசியைச் செருகி, குழாயின் அடியை அடைத்து, தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் 50 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள். குமிழி கீழ்க்கோட்டிலிருந்து மேல்கோட்டுக்குப் போக எடுக்கும் நேரத்தைத்தான் வீடியோவில் அளக்கப்போகிறோம்.

2. கழுவுவது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். புதுக் குழாயாயிற்றே என்று பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுத் தேய்த்து, இரண்டு தடவை அலசிவிட்டு அளந்தேன். வெறும் தண்ணீரிலும் 2.8 விநாடி, சோப்புத் தண்ணீரிலும் 2.8 விநாடி! இரண்டு நாள் போனைத்தான் சந்தேகப்பட்டேன். ஒட்டியிருந்த மிச்சமே போதுமாக இருந்திருக்கிறது. வெந்நீரில் பத்துப் பதினைந்து முறை, கடைசியாக பேட்டரி வாட்டரில் இரண்டு முறை அலசிய பிறகு 1.8 விநாடி வந்தது. உள்ளே விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கும் இதே வேலையைச் செய்யும்.

3. தனியாகக் கரைத்த சோப்பை, லிட்டருக்கு ஒரு சொட்டு கணக்கில் ஊற்றி மறுபடி அளங்கள். குலுக்க வேண்டாம், நுரை வரும்.

ஏன் இப்படி? சுத்தமான நீரில் குமிழி ஏறும்போது அதன் மேற்பரப்பும் தண்ணீரோடு சேர்ந்து கீழ்நோக்கி வழுக்கும், அதனால் உராய்வு குறைவு. சோப்பு மூலக்கூறுகள் அடிப்பக்கம் அடித்துச் செல்லப்பட்டுக் குவிந்தால் அங்கே பரப்பு இழுவிசை குறையும், உச்சியில் கூடுதலாகவே இருக்கும். உச்சி மேற்பரப்பை மேலே இழுத்துப் பிடிக்கும். வழுக்கல் நின்று, குமிழி கோலிக்குண்டு மாதிரி ஆகிவிடுகிறது.

குமிழிக்குள் இருக்கும் காற்று நீரில் கரைவதையும் சோப்பு மெதுவாக்கும். 10 மைக்ரான் (0.01 மி.மீ.) ஆரமுள்ள குமிழிக்குள் இழுவிசையால் மட்டும் சுமார் 0.14 வளிமண்டல அழுத்தம் கூடுதல், அதுவே காற்றை நீருக்குள் தள்ளுகிறது. சோப்பு அந்த அழுத்தத்தைக் குறைப்பதால் கரைவது தாமதமாகும். இதை இந்தக் குழாயில் பார்க்க முடியாது, நம் குமிழி 2 மி.மீ.க்கு மேல்.

பின்சேர்க்கை: "சோப்பில் குமிழியே சின்னதாகத்தானே வரும், அதனால் மெதுவாகப் போகலாமே?" என்று ஒருவர் மடக்கினார். நியாயம்தான். இழுவிசை குறைந்தால் குமிழி ஊசியை விட்டுச் சீக்கிரமே கழன்றுவிடும். சோப்புக்கு மட்டும் கொஞ்சம் தடித்த 23 கேஜ் ஊசி (கேஜ் எண் குறைந்தால் ஊசி தடிமன்) போட்டு, இரண்டிலும் அளவு ஒன்றா என்று வீடியோவில் பார்த்துக்கொண்டேன். 2.8 என்பது 2.7 ஆனது, அவ்வளவுதான்.